நம் மருமகனைப் பற்றி வானொலியில் சொன்னார்கள்

தாத்தா,

இன்று காலை ஊறுகாய்ப் போத்தலின் வாயைக் கட்டியிருந்த ரப்பர் பேண்ட் என் கையிலேயே பட்டென்று அறுந்தது. நன்றாகவே சுட்டது. ஆனால் கையைத் தடவிக்கொள்ள எனக்கு எங்கே நேரம்? அறுந்த துண்டை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து, மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோய்ப் பார்த்தேன். குறுக்கே குறுக்கே மெல்லிய வெடிப்புகள். இழுபட்டிருந்த பக்கத்தில் மட்டும். எனக்குத் தெரிந்த வெடிப்புகள்!

அதே நேரத்தில்தான் வானொலியில் ஒருவர் பேசிக்கொண்டிருந்தார். எரிபொருள் இல்லாமல் ரோடுகள் வெறிச்சோடிக் கிடக்கிற இந்த நாட்களில் நகரங்களின் காற்று எப்படி இருக்கிறது என்பது பேச்சு. புகை குறைந்தது, கரி குறைந்தது என்று சொல்லிக்கொண்டே வந்தவர், "ஆனால் ஒன்று மட்டும் பல நகரங்களில் குறையவில்லை, கூடிவிடுகிறது. அதுதான் ஓசோன்" என்றார். நான் போத்தலை மேசையில் வைத்துவிட்டு, "தாத்தா! கேட்டீங்களா தாத்தா!" என்று கத்திவிட்டேன். என் மகள் அடுப்படியிலிருந்து ஓடி வந்தாள். "எந்தத் தாத்தாம்மா? யாரு வந்திருக்காங்க?" என்று வாசலை எட்டிப் பார்த்தாள்.

யாரும் வரவில்லை. வாசலுக்கு அந்தப் பக்கம் கண்டி ரோடு நீட்டி நிமிர்ந்து படுத்துக் கிடந்தது. ஒரு லொறி இல்லை, ஒரு பஸ் இல்லை. அன்றைக்கு நாம் இரண்டு பேரும் பார்த்த அதே வெறும் ரோடு. உங்களுக்குச் சொல்லாமல் இதை யாருக்குச் சொல்வது? அதனால்தான் இந்த மடல்.

உங்களைத் "தாத்தா" என்று கூப்பிட நான் பழகிய கதை உங்களுக்கு எப்போதும் சிரிப்புத்தான். மாத்தளைக்குப் பக்கத்துப் பலாபத்வலையில் உங்கள் வீட்டின் பின்பாதியை வாடகைக்கு எடுத்துக்கொண்டு நான் வந்த முதல் நாள், முன்னறையிலிருந்து யாரோ ஒரு பெண், "தாத்தா, என்ட சட்ட முடிஞ்சா?" என்று கேட்டாள். தோட்டத் தொழிலாளர் லயத்தில் வளர்ந்த எனக்குத் தாத்தா என்றால் நரைத்த மீசைதான். உள்ளே வயதான தையற்காரர் ஒருவர் இருக்கிறார் என்று நினைத்து, சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு, "வணக்கம் ஐயா" என்று சொல்லிக்கொண்டே நுழைந்தேன். மெஷினுக்குப் பின்னால் நீங்கள். முப்பத்தைந்து வயது, வாய் நிறைய குண்டூசி, தலையில் வழுக்கி வழுக்கி இறங்கும் முந்தானை. குண்டூசிகளை ஒவ்வொன்றாக எடுத்து வைத்துவிட்டுத்தான் சிரித்தீர்கள். "எங்கட சோனக ஆக்கள் அக்காவத்தான் தாத்தான்னு சொல்ற. நீங்க ஐயான்னே கூப்பிடுங்க டீச்சர், நல்லா ஈக்குது" என்றீர்கள். அன்று முதல் நான் உங்களுக்கு டீச்சர், நீங்கள் எனக்குத் தாத்தா.

அந்த முன்னறையின் ஜன்னல் ரோட்டைப் பார்த்தது. அது உங்களுக்கு வியாபாரத்துக்கு நல்லது, துணிக்குக் கெட்டது. வடக்கே இருந்து வெங்காயமும் மிளகாயும் ஏற்றிக்கொண்டு கண்டிக்குப் போகும் லொறிகள், மேட்டில் மூச்சு வாங்கிக்கொண்டு ஏறுகிற இடம் சரியாக உங்கள் ஜன்னலுக்கு நேரே. ஒரு லொறி போனால் வெள்ளைத் துணியின் மேல் விரலால் எழுதலாம். அதனால் நீங்கள் பகல் முழுவதும் ஜன்னலைச் சாத்தி வைத்து, அரை இருட்டில் தைத்தீர்கள். ஒவ்வொரு லொறிக்கும் ஒரு வசை வைத்திருந்தீர்கள். அவற்றில் ஒன்றைக்கூட இங்கே எழுத முடியாது, என் மகள் இதைப் படிப்பாள்.

கணவர் மௌத்தாகி நீங்கள் தனியாளான பிறகு அந்த மெஷின் ஒன்றுதான் உங்களுக்கு. மாத்தளை பஸ் ஸ்டாண்டில் தேநீர்க் கடை வைத்திருந்த தம்பி எவ்வளவு கூப்பிட்டும் அவர் வீட்டுக்குப் போகவில்லை. "என்ட கால் மெஷின மிதிக்கிற வரைக்கும் என்ட சோறு என்ட சட்டியில" என்று சொன்னீர்கள். நான் படிப்பித்த பள்ளிக்கூடத்தின் சீருடை வேலை உங்களுக்கு வந்தபோது நீங்கள் எனக்கு வட்டிலப்பம் செய்து தந்தீர்கள். அதற்குப் பிறகு எத்தனையோ இடத்தில் வட்டிலப்பம் சாப்பிட்டிருக்கிறேன். சும்மா சொல்லவில்லை, ஒன்றும் கிட்ட வராது.

பிறகு எழுபதுகளில் அந்தத் தட்டுப்பாடு வந்தது. மாவு இல்லை, துணி கூப்பனுக்கு, பெட்ரோல் ஷெட்டில் ஆட்கள் வாகனங்களைத் தள்ளிக்கொண்டு வந்து நின்றார்கள். ஊரே மரவள்ளிக் கிழங்கை அவித்துத் தின்றுகொண்டு முகத்தைத் தூக்கி வைத்திருந்தபோது, பலாபத்வலையில் சந்தோஷமாக இருந்த ஒரே ஆள் நீங்கள்தான். லொறி நின்றுவிட்டது! நீங்கள் ஜன்னலின் இரண்டு கதவையும் விரியத் திறந்து, சட்டத்தைத் துடைத்து, வெள்ளைத் துணியை ஜன்னலில் கொடி போலத் தொங்கவிட்டீர்கள். "பாருங்க டீச்சர், பின்னேரம் வரைக்கும் வெள்ளையாவே ஈக்குது. அல்லாஹ் எனக்காகத்தான் பெட்ரோல நிப்பாட்டினான்" என்றீர்கள். நெஞ்சைச் சொறிந்துகொண்டிருந்த இருமல்கூட உங்களுக்கு நின்றுவிட்டது.

அந்தத் திறந்த ஜன்னலோரத்தில்தான், தாத்தா, வினை உட்கார்ந்திருந்தது.

விளையாட்டுப் போட்டிக்கு உடற்பயிற்சி செய்யும் பையன்களுக்கு வெள்ளைக் காற்சட்டை தைக்கும் வேலை உங்களிடம் வந்திருந்தது. இடுப்புக்கு இலாஸ்டிக். உங்களிடம் ஒரு பழக்கம் இருந்தது. புது இலாஸ்டிக்கை அப்படியே தைக்க மாட்டீர்கள். "புது இலாஸ்டிக்குக்கு வீம்பு ஈக்குது டீச்சர். இழுத்துக் கட்டி ரெண்டு மூணு நாள் வச்சாத்தான் சொன்ன பேச்சு கேக்கும்" என்று, அதைக் கதிரை முதுகில் நன்றாக இழுத்துச் சுற்றி வைப்பீர்கள். முன்பு அந்தக் கதிரை சாத்திய அறையின் மூலையில் கிடக்கும். இப்போது காற்றும் வெளிச்சமும் வருகிறதே என்று ஜன்னலோரத்துக்கு இழுத்துப் போட்டிருந்தீர்கள்.

பயிற்சி நாளை நான் மறக்க மாட்டேன். மைதானத்தில் வரிசை வரிசையாகப் பையன்கள், உங்கள் காற்சட்டை பளிச்சென்று. உடற்பயிற்சி மாஸ்டர் விசிலை ஊதி, "ரெண்டு கையையும் தூக்கு!" என்றார். எல்லாருக்கும் ஒரு கைதான் மேலே போனது. மாஸ்டர் மறுபடியும் ஊதினார். மறுபடியும் ஒரு கை. மற்றக் கை இடுப்பை விடவே இல்லை. "என்னடா, எல்லாருக்கும் சுளுக்கா?" என்று அவர் கத்தினார். முன்வரிசையில் இருந்தவன்தான் பதில் சொன்னான். "சேர், கைய விட்டா மானம் போயிரும் சேர்!"

நான் சிரித்தேன் என்று உங்களிடம் சொல்லவே இல்லை. இப்போது சொல்கிறேன், வயிறு வலிக்கச் சிரித்தேன். ஆனால் அந்தச் சிரிப்பு பின்னேரம் வரைகூட நிற்கவில்லை. பள்ளி அதிபர் உங்களைக் கூப்பிட்டனுப்பினார். எல்லா இடுப்பையும் பிரித்துப் புதிதாகத் தைத்துத் தர வேண்டும், போட்டி நாளில் ஒன்று அறுந்தாலும் இனி இந்தப் பள்ளிக்கூடத்து வேலை வேறு கடைக்கு என்று சொல்லிவிட்டார். அதையாவது நீங்கள் தாங்கிக்கொண்டீர்கள். ரோட்டில் ஒரு பெண் இன்னொரு பெண்ணிடம், "பழைய சரக்கப் புள்ளைகளோட இடுப்புல கட்டிட்டாங்களாம்" என்று உங்கள் காது கேட்கச் சொன்னாளே, அதைத்தான் தாங்கவில்லை. வீட்டுக்கு வந்து மெஷினுக்கு முன்னால் உட்கார்ந்தீர்கள். மிதிக்கவில்லை. உங்கள் கால் மெஷினில் இருந்தும் சத்தம் வராத பின்னேரத்தை நான் அன்றுதான் முதன்முதலாகக் கண்டேன்.

"புது இலாஸ்டிக் டீச்சர். புள்ளையாட்டம் புதுசு. கட்டு பிரிக்கக்குள்ள நீங்களும் பாத்தீங்கதானே?" என்று கேட்டீர்கள். பார்த்தேன். பிறகு நீங்கள் கேட்ட கேள்விதான் என்னைத் தூங்கவிடாமல் செய்தது. "பத்து வருஷமா இப்புடித்தான் இழுத்துக் கட்டி வக்கிற. அப்ப அறாத சாமான் இப்ப மட்டும் ஏன் அறுது?"

அறுந்த இலாஸ்டிக்கில் நூலை உரித்து, உள்ளே இருந்த ரப்பர் இழையை எடுத்துப் பார்த்தேன். குறுக்கே குறுக்கே வெடிப்பு. எங்கேயோ படித்தது மண்டைக்குள் தட்டியது. கண்டி நூலகத்தில் பழைய அறிவியல் சஞ்சிகை ஒன்று. வாகனம் பெருத்த வெளிநாட்டு நகரங்களில், புகையும் வெயிலும் சேர்ந்து ஓசோன் என்ற வாயுவை உண்டாக்குகிறது, அது இழுபட்ட ரப்பரைக் கண்ட இடத்தில் கடித்து வெடிக்க வைக்கிறது, காற்றில் அது இருக்கிறதா என்று பார்க்க ரப்பர்த் துண்டைக் கட்டித் தொங்கவிடுகிறார்கள் என்று எழுதியிருந்தது. நான் செருப்புக்கூடப் போடாமல் முன்னறைக்கு ஓடி வந்தேன்.

"ஓசோன் தாத்தா! ஓசோன்தான் கடிச்சிருக்கு!"

நீங்கள் நிமிர்ந்து பார்த்தீர்கள். "ஓ-சோனா? பேரப் பாத்தா எங்கட சோனக ஆள் மாதிரி ஈக்குதே! எந்த ஊராம்?"

அவ்வளவு கவலையிலும் உங்களுக்குக் கேலி வந்தது பாருங்கள். ஆனால் நான் விளக்கிச் சொல்லி முடித்ததும் ஒரே கேள்வியில் என்னை மடக்கினீர்கள். "லொறிப் புகையில இருந்துதானே அவன் வாறான்? லொறி ஓடக்குள்ள இலாஸ்டிக்குக்கு ஒண்ணும் ஆகல்ல. லொறி நிண்டாப் பொறகு அறுது. உங்கட கிதாபு தலைகீழா ஈக்குது டீச்சர்."

 அதைக் கேட்டதும் எனக்கு ஆசை பற்றிக்கொண்டுவிட்டது. தொங்கவிட்டுப் பார்த்துவிடுவோம் என்றேன். நல்ல இலாஸ்டிக் ஒரே ஒரு கட்டுத்தான் மிச்சம், இறக்குமதி இல்லாத காலத்தில் இன்னொன்று கிடைக்கவும் கிடைக்காது. அதிலிருந்து மூன்று துண்டு கேட்டபோது, நகையைக் கேட்டது போல என்னைப் பார்த்தீர்கள். பிறகு கத்தரிக்கோலை எடுத்து நீங்களே வெட்டினீர்கள். பள்ளிக்கூடத்து அடிகோல் மூன்றில் ஒரே மாதிரி இழுத்துச் சுற்றினோம். வெயிலும் ரப்பரைக் கெடுக்கும் என்பதால் மூன்றும் நிழலில்தான் தொங்க வேண்டும் என்று நான் கண்டிப்பாகச் சொன்னேன்.

ஒன்று உங்கள் ஜன்னலில். இன்னொன்று மாத்தளை பஸ் ஸ்டாண்டில், உங்கள் தம்பியின் தேநீர்க் கடை இறவாரத்தில். ஊரில் மிச்சம் ஓடிய பஸ்கள் எல்லாம் அங்கேதான் நின்றன. பேட்டரி செத்துக் கிடந்ததால் ஓட்டுநர்கள் இஞ்சினை நிறுத்தப் பயந்தார்கள், நிறுத்தினால் தள்ளத்தான் வேண்டும். அதனால் தம்பியின் கடை வாசலில் எந்நேரமும் ஒரு பஸ் கறுப்பாகப் புகைத்துக்கொண்டே நின்றது. மூன்றாவது துண்டு மேலே தோட்டத்தில், என் அம்மா இருந்த லயத்தின் பின்பக்கம், ஒரு வாகனமும் வராத இடத்தில்.

அந்த மூன்றாவதைக் கட்ட நாம் இருவரும் நடந்தே ஏறினோமே! வழியெல்லாம் நீங்கள் காற்றை இழுத்து இழுத்து, "இங்க எல்லாம் அவன் வர மாட்டான் டீச்சர், எவ்வளவு சுத்தமான காத்து" என்றீர்கள். நானும் அப்படித்தான் நம்பினேன். அம்மா பிளேன்டியும் கருப்பட்டியும் கொடுத்தார். நான் உங்களைத் தாத்தா என்று கூப்பிடுவதைக் கேட்டு, "ஏன்டி, இந்தப் புள்ளைக்கா மீசை இருக்கு?" என்று அம்மா கேட்க, நீங்கள் தேநீரைத் துப்பிச் சிரித்தீர்கள். அடிகோலை இறவாரத்தில் கட்டிவிட்டு, "அத யாரும் தொடாதீங்கம்மா, அது பரீட்சை எழுதுது" என்று அம்மாவிடம் சொன்னீர்கள்.

ஒரு வாரம் கழித்து மூன்றையும் உங்கள் வெட்டு மேசையில் வரிசையாக வைத்தோம். பஸ் ஸ்டாண்டுத் துண்டு கரி படிந்து பார்க்கவே அருவருப்பாக இருந்தது. அதை முதலில் இழுத்தேன். இழுபட்டது, திரும்பச் சுருங்கியது, நூல்கூடப் பிரியவில்லை. உங்கள் ஜன்னல் துண்டை இழுத்தேன். உள்ளே இழைகள் சில படபடவென்று விட்டன. அம்மா வீட்டுத் துண்டு வெள்ளை வெளேரென்று, வாங்கிய அன்று போல இருந்தது. அதை நீங்கள்தான் எடுத்தீர்கள். இழுத்த இழுப்பிலேயே இரண்டாகிக் கையில் வந்தது.

 பிறகு இரண்டு பேரும் ஒரே நேரத்தில் பேசினோம். உங்களுக்கு நினைவிருக்கிறதா? ஒருவர் சொன்னது ஒருவருக்குக் கேட்கவில்லை. நான் மேசையைச் சுற்றிச் சுற்றி நடந்தேன். "அழுக்கு ஈக்கிற எடத்துல அவன் இல்ல டீச்சர்! சுத்தமான எடத்துலதான் ஈக்கிறான்!" என்று நீங்கள் கத்தினீர்கள். "புகைதான் தாத்தா அவன அடக்குது! புகையில இருக்குற ஏதோ ஒண்ணு அவனத் தின்னுடுது!" என்று நான் கத்தினேன்.

பிறகு உட்கார்ந்து ஆற அமர யோசித்தோம். புகையிலிருந்துதான் ஓசோன் வருகிறது. ஆனால் உடனே வருவதில்லை. வெயிலில் வெந்து, காற்றோடு கொஞ்சத் தூரம் போய், மெல்லத்தான் உருவாகிறது. குழாயிலிருந்து சுடச்சுட வருகிற புதுப் புகையோ, எதிரே வரும் ஓசோனை அங்கேயே உடைத்துப் போடுகிறது. அதனால் வாகனம் நிற்கிற இடத்தில் அது குறைவு, தள்ளிப் போனால் கூடுதல். ரோட்டில் வாகனம் குறைந்தால் முதலில் போவது அந்த உடைக்கிற புகைதான். தடுக்க ஆள் இல்லாததால், ஏற்கெனவே காற்றில் உலவுகிற ஓசோன் நேரே ஜன்னலுக்கு வந்துவிடுகிறது. நாம் ஜன்னலையும் திறந்து வைத்து, இலாஸ்டிக்கை இழுத்துக் கட்டி, வா வா என்று விருந்து வைத்திருந்தோம். உடைக்கிற அந்த வாயு நைட்ரிக் ஒக்சைடாக இருக்க வேண்டும் என்பது அன்று என் ஊகம்தான்.

நான் இப்படி நீட்டி முழக்கியதை நீங்கள் ஒரு வாயில் சொல்லிவிட்டீர்கள். உங்கள் ஆட்களிடையே மாப்பிள்ளை மாமியார் வீட்டோடு வந்து இருப்பதுதானே வழக்கம்.

"விளங்கிச்சு டீச்சர். புகைதான் மாமி. ஓசோன் வீட்டோட வந்த மருமகன். மாமி வீட்ல ஈக்கிற வரைக்கும் மருமகன் வாயத் தொறக்க மாட்டான். மாமி ஊருக்குப் போனா அவன்ட ஆட்டத்தப் பாருங்க!"

நான் சிரித்துச் சிரித்து மேசையில் கவிழ்ந்துவிட்டேன். அன்றிலிருந்து நமக்கு ஓசோன் என்ற பேரே இல்லை, மருமகன்தான். அந்தச் சந்தோஷத்தில் நான் ஒன்று கேட்டேன். "அப்ப லொறி திரும்பி வந்தா நல்லதா தாத்தா?" சிரிப்பை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தீர்கள். "அதுக்காக மாமியத் திருப்பிக் கூப்பிடுவமா? என்ட நெஞ்சு இப்பதான் இருமாம ஈக்குது. மாமி போனது போகட்டும். மருமகனையும் அடக்கோணும்." நான் பாடப் புத்தகத்தைப் புரட்டித் தேடியிருக்கக்கூடிய பதில் அது. நீங்கள் குண்டூசியை வாயில் வைத்துக்கொண்டே சொன்னீர்கள்.

ஆசிரியர் அறையில் இதைச் சொன்னபோது மாஸ்டர்மார் எல்லாரும் சிரித்தார்கள். "புகை போனா காத்து கெட்டுப்போகுமா? நல்லாத்தான் இருக்கு உங்க சயன்ஸ்!" என்றார் கணக்கு மாஸ்டர். அதிபர் சிரிக்கவில்லை, "இலாஸ்டிக்க மாத்துங்க டீச்சர், கதைய விடுங்க" என்றார். அது சிரித்ததைவிட மோசம். எனக்கு மூக்கு விடைக்கிற கோபம். வீட்டுக்கு வந்து உங்களிடம் கொட்டினேன். "விடுங்க. அவங்கட காற்சட்டை அறுந்தாத் தெரியும்" என்றீர்கள்.

ஆனால் மிச்சமிருந்த ஒரே கட்டை எப்படிக் காப்பாற்றுவது? இழுத்துக் கட்டவே கூடாது, மெழுகுதிரியை லேசாகத் தேய்த்து, மூடி இறுகிய பிஸ்கட் டின்னில் வைத்திருந்து, போட்டிக்கு முதல் நாள்தான் தைக்க வேண்டும் என்றேன். அங்கேதான் சண்டை வந்தது. "வீம்பு எடுக்காத இலாஸ்டிக்கத் தைக்கிறதா? என்ட உம்மா காட்டித் தந்த வேல அது" என்று நீங்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டீர்கள். "இழுத்தாத்தான் தாத்தா அவன் கடிக்கிறான், சும்மா கிடந்தா தொட மாட்டான்" என்று நான் சொல்லிச் சொல்லித் தொண்டை காய்ந்தது. ஒரு நாள் முழுக்க என்னோடு பேசவில்லை. மறுநாள் காலை என் கதவைத் தட்டி, பிஸ்கட் டின்னை நீட்டினீர்கள். உள்ளே மிச்சக் கட்டு முழுதும், மெழுகு மினுங்க, தளர்த்திச் சுருட்டி வைத்திருந்தது.

போட்டி நாள் நல்ல வெயில். மருமகனுக்குப் பிடித்த வெயில். நாம் இரண்டு பேரும் வேலியோரத்தில் நின்றோம். உங்கள் விரல்கள் என் மணிக்கட்டை வளையல் போலப் பிடித்திருந்தன. மாஸ்டர் விசிலை ஊதினார். "ரெண்டு கையையும் தூக்கு!" எல்லாக் கைகளும், தாத்தா, எல்லாக் கைகளும் மேலே போயின! குனிந்தார்கள், நிமிர்ந்தார்கள், துள்ளினார்கள், ஒன்றன்மேல் ஒன்றாக ஏறிக் கோபுரம்கூடக் கட்டினார்கள். ஒரு கை இடுப்புக்குப் போகவில்லை. உங்களைப் பற்றிப் பேசிய அந்தப் பெண்ணும் கூட்டத்தில் கைதட்டிக்கொண்டு நின்றாள். அதிபர் உங்களைப் பார்த்துத் தலையசைத்தார். நான் துள்ளிக் குதித்ததில் செருப்பின் வார் அறுந்தது. "என்ட தையல் நிண்டிச்சு, உங்கட செருப்பு நிக்கல்ல" என்றீர்கள். அழுதுகொண்டே சொன்னீர்கள்.

பிறகு நடந்ததைத்தான் நான் இத்தனை வருடமும் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறேன். முன்வரிசைப் பையனைக் கூப்பிட்டு, இடுப்பைப் பிடித்துப் பார்த்தேன். இலாஸ்டிக் அருமையாக இருந்தது. என் மெழுகு, என் டின், என் விஞ்ஞானம் என்று நெஞ்சு நிமிர்ந்தது. அப்போது விரலில் இன்னொன்று தட்டுப்பட்டது. மடிப்புக்குள் இலாஸ்டிக்கோடு கூடவே, வெளியே தெரியாமல், மெல்லிய நாடா ஒன்று ஓடியது. அடுத்தவனைப் பார்த்தேன், அவனுக்கும். எல்லோருக்கும்.

"தாத்தா! இது என்னா?"

"நாடா."

"அது தெரியுது! அப்ப நான் சொன்னத நீங்க நம்பலையா?"

முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, ஒளிவு மறைவில்லாமல் என்னைப் பார்த்தீர்கள். "நம்பாமலா இலாஸ்டிக்க இழுக்காமத் தைச்ச? என்ட உம்மாட பேச்ச மீறித் தைச்ச. உங்கட கிதாபையும் நம்பின டீச்சர். ஆனா புள்ளைகள்ட மானம் என்ட பொறுப்பு. அதனால நாடாவும் போட்ட."

நாடாக்களைப் பரிசோதித்தேன், விடுவேனா? ஒன்றும் இறுகவில்லை. எல்லாம் தளரத்தான் கிடந்தன. பாரத்தைத் தாங்கியது இலாஸ்டிக்தான். வென்றது நான்தான் என்று வீடு வரும்வரை வாதாடினேன். நீங்கள் சம்மதித்தீர்கள். சம்மதித்த விதத்திலேயே வென்றது யார் என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

பல வருடம் கழித்து நீங்களும் மௌத்தானபோது உங்கள் மேல் இருந்த வெள்ளைத் துணியில் ஒரு தையல்கூட இல்லை. உங்கள் ஆட்களிடையே அதுதான் வழக்கம் என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் அந்த விளிம்பு மடிக்காத துணியைப் பார்த்தபோது நான் அழுதேன். வாழ்நாள் முழுக்க ஊர் உடுத்தத் தைத்த ஆள் ஒரு முடிச்சும் இல்லாமல் போகிறீர்களே என்று இருந்தது. அன்று ரோட்டில் லொறிகள் விடாமல் ஓடிக்கொண்டிருந்தன. வசை சொல்ல ஆள் இல்லாமல் ஓடிக்கொண்டிருந்தன.

சரி, வானொலிக்கு வருகிறேன். மகளிடம் பேசாதே என்று சைகை காட்டிவிட்டு மிச்சத்தையும் கேட்டேன். அந்த மனிதர் சொன்னார், தாத்தா: வாகனப் புகை குறைந்தபோது நகரங்களில் ஓசோன் கூடியதற்குக் காரணம், அதை உடைக்கிற நைட்ரிக் ஒக்சைடு குறைந்ததுதானாம்! என் ஊகம்! மேசையில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டினேன், ஊறுகாய் துள்ளியது. இதைக் காரணம் காட்டிப் புகை நல்லது என்று யாரும் சொல்லிவிடக் கூடாது என்றும் சொன்னார். புகை குறையத்தான் வேண்டும், அதோடு கூடவே பெட்ரோல் ஆவி, பெயின்ட் ஆவி, குப்பை எரிக்கிற புகை, இப்படி ஓசோனுக்குத் தீனி போடுகிற மற்றதெல்லாமும் குறைய வேண்டும், அப்போதுதான் அதுவும் அடங்கும் என்றார்.

"இத எங்க தாத்தா அன்னைக்கே சொல்லிட்டாங்க" என்று நான் வானொலியிடம் சொன்னேன். "மாமியத் திருப்பிக் கூப்பிடாதீங்க, மருமகனையும் அடக்குங்கன்னு!" மகள் என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள், காய்ச்சலோ என்று.

கணக்கு மாஸ்டர் இல்லை, அதிபர் இல்லை, ரோட்டில் நின்று பேசிய அந்தப் பெண்ணும் இப்போது இல்லை. யாரிடம் போய் நிற்பது? அதனால் உங்களிடமே உரக்கச் சொல்கிறேன். உங்கள் இலாஸ்டிக் பழையதில்லை, தாத்தா. புள்ளையாட்டம் புதுசு. மருமகன்தான் கடித்தான். உலகமே இப்போது ஒத்துக்கொண்டுவிட்டது.

எழுந்து போய் அலுமாரியிலிருந்து ஒரு துண்டு இலாஸ்டிக்கை எடுத்து, அடிகோலில் இழுத்துச் சுற்றி, ரோட்டுப் பக்க ஜன்னலில் நிழலாகத் தொங்கவிட்டிருக்கிறேன். அவன் வருவான் என்று எனக்கு நிச்சயமாகத் தெரியும். என் விஞ்ஞானத்தில் எனக்கு ஒரு சந்தேகமும் இல்லை. ஆனாலும் நேற்று மகளுக்குத் தைத்த பாவாடையில், இலாஸ்டிக்கோடு கூடவே, வெளியே தெரியாமல் நாடாவும் போட்டிருக்கிறேன்.